புல எண் 214/3பி

ஒடுகத்தூரில் இறங்கி
மிஷினை ஷேர் ஆட்டோவில் ஏற்றினால்
ரெண்டு ஆள் காசு கேட்டான்.
கொடுத்தேன். அதுவும் மூச்சு விடுகிற சாதிதான்,
நிமிஷத்துக்கு ஒன்று புள்ளி ஒன்று கன மீட்டர்.

இடம், சுக்கான்மேடு.
பரப்பு ஒன்று புள்ளி எட்டு ஹெக்டேர், பட்டா நிலம்.
மேலே ஒரு முழம் செம்மண்.
அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல்,
ஊர்ப் பேச்சில் சுக்கான்.
இன்னும் வெட்டாத குழிக்கு
ஆறு மீட்டர் ஆழம் என்று எழுதியாயிற்று.
ஐந்து வருஷம். வெடி கிடையாது.
ஒரு ஜேசிபி, இரண்டு டிப்பர், பதினோரு பேருக்கு வேலை.
மரங்கள்: இல்லை.
வேலிக்காத்தான் மரத்தில் சேருமா என்று
ஆபீசில் கேட்டேன்.
யாரும் தலை நிமிரவில்லை.

மிஷினுக்குக் கரண்ட் வேண்டும்.
கம்பி போகிற கடைசி வீடு ஏகவல்லியுடையது.
'இன்னாமே அளக்குற?'
காத்துல இருக்குற தூசிக்கா.
'இன்னும் தோண்டவே இல்லியே?'
தோண்டறதுக்கு முன்னாடி எவ்ளோ இருக்குதுன்னு
தெரிஞ்சாதானே, என்று ஆரம்பித்தேன்.
அதற்குள் அவள் பிளக்கைச் சொருகிவிட்டாள்.

இருபத்து நாலு மணி நேரம்
வெள்ளைத்தாள் வழியே ஊர் உள்ளே போனது.
சாயங்கால பஸ் கிளப்பிய புழுதி,
பட்டி பெருக்கிய துடைப்பம்,
புளியம்பூ,
ஈர விறகோடு அவள் மல்லுக்கட்டிய ஒரு மணி நேரம்.
ராத்திரி இரைச்சலை அளக்கக் கருவியை நீட்டினால்
ஐம்பத்திரண்டு டெசிபல்.
எது இப்படிக் கத்துகிறது என்று சுற்றிப் பார்த்தேன்.
என் மிஷின்தான்.
வைக்கோல்போருக்குப் பின்னால் தள்ளிப்போய்
மறுபடி எடுத்தேன்.
முப்பத்தெட்டு. அதில் ஏழெட்டு
ஆடு அசைபோட்டதாக இருக்கும்.

விடியும்போது கல் மாதிரி பொறுக்கி
ஆசிட் குப்பியைத் திறந்தேன்.
'அதுக்கு எதுக்கு அது?' என்று
பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து
கல்லின் மேல் பிழிந்தாள்.
பொரிந்து நுரைத்தது.
என் டிப்ளமோவில் இது இரண்டாம் வருஷப் பாடம்.

கிணற்றில் கல் கட்டிக் கயிறு விட்டேன்.
பதினாறு மீட்டரில் நனைந்தது.
'மாசியில வந்து அளந்துட்டு போற.
சித்திரையில வாயேன்,
கயிறு பத்துதா பாப்போம்.'
படிவத்தில் ஒரு பருவத்துக்குத்தான் கட்டம் இருந்தது.

குடியிருப்புக்கு முந்நூறு மீட்டர் விடவேண்டும்.
அவள் வாசற்படியிலிருந்து எல்லைக்கல் வரை
இருநூற்றுத் தொண்ணூற்று நாலு.
அடுப்பங்கரைச் சுவரிலிருந்து
முந்நூற்று ஒன்று.
வீடு எங்கே தொடங்குகிறது?
புறம்போக்கில் கட்டியது, கணக்கிலேயே வராது என்றார்
போனில் மேனேஜர்.
வராத வீட்டிலிருந்துதான்
கரண்ட் வந்துகொண்டிருந்தது.

மிஷினை அணைத்ததும்
காதுக்குள் ஏதோ கழன்று விழுந்தது போலிருந்தது.
கரண்டுக்கு அறுபது ரூபாய் தந்தேன்.
ஐம்பதை எடுத்துக்கொண்டு பத்தைத் திருப்பினாள்.
இந்தச் செலவுக்கு வவுச்சரில் தலைப்பு இல்லை.

காட்பாடி லேபில் தாளை ஒருநாள் உலர்த்தி
எடை போட்டோம்.
போகும்போது 2.7714 கிராம்,
வரும்போது 2.8569.
வகுத்தால் கன மீட்டருக்கு ஐம்பத்து நாலு மைக்ரோகிராம்.
அனுமதி நூறு.
ஆக நாற்பத்தாறு மிச்சம் என்றார் மேனேஜர்,
குழிக்குத் தாராளமாகப் போதும்.
அவ்வளவு காற்றை அவள் சுத்தமாக வைத்திருந்தது
இப்படித்தான் கணக்கில் ஏறியது.

தூரம் என்ற கட்டத்தில்
301 என்று எழுதியது நான்தான்.
கையெழுத்து மட்டும் வேறு ஒருவருடையது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.
'எவ்ளோ வந்துச்சு?'
ஐம்பத்து நாலுக்கா.
'பாஸா, பெயிலா?'
பாஸ் என்றேன்.
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
பின்னால் ஆடு ஒன்று செருமியது.
'அந்தப் பதினோரு பேர்ல
எம்புள்ள உண்டா, எழுதியிருக்குதா?'